டீ ஆறுறதுக்குள்ள எட்டு அலாரம்

வா கண்ணு, திண்ணைல உக்காரு. பால் சொசைட்டில குளுர வெக்கற தொட்டிக்கு அலாரம் அனுப்பற பொட்டி மாட்டி முடிச்சுட்டயாமா. செக்ரட்டரி வாங்கியாந்து வெச்ச டீ ஆறுறதுக்குள்ள எட்டு இன்புட்டுக்கும் அலாரம் போட்டுட்டு, அப்பறந்தான் டம்ளரைக் கையில எடுத்தயாமா. பால் ஊத்தப் போன பொம்பளைங்க திரும்பி வர்றப்ப எங்கிட்ட நின்னு, "உங்க பேரனுக்குக் கை என்ன வேகமுங்க"ன்னு சொல்லிப்போட்டுப் போறாங்க. எனக்குப் பெருமையாத்தான் இருக்குது. சக்கரை ஆலைல நான் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக்கா இருந்தப்ப, ஒரே ஒரு கேஜுக்கு அலாரம் வெக்கறதுக்கு மூணு ஷிப்டு ஆளுங்களையும் கேட்டு, பழைய சார்ட்டையெல்லாம் விரிச்சுப் பாத்து, போர்மேன்கிட்ட ஏச்சும் வாங்கி, அப்பறந்தான் திருப்புளியைத் தொடுவோம். எங்களுக்குப் படிப்பு பத்தாது, அதனால நேரமாகும். உனக்கென்ன, இஞ்சினீரு.

சரி, என்னென்ன மாட்டியிருக்கற? பால் டெம்பரேச்சர் ஒண்ணு, தொட்டில பால் மட்டம் ஒண்ணு, கம்ப்ரசர் இழுக்கற ஆம்பியர் ஒண்ணு, மூணு பேஸுக்கும் வோல்டேஜ் மூணு, ஜெனரேட்டர் டீசல் ஒண்ணு, பொட்டியோட சொந்தப் பேட்டரி ஒண்ணு. எட்டும் ஆச்சு. பாலுக்கு என்ன நம்பர் போட்ட? 6 டிகிரி தாண்டுனா அலாரம். அந்த 6 எங்கிருந்து வந்துச்சு? புக்குல இருந்துச்சா. அப்பச் சரி. புக்கு எழுதுனவன் சித்திரை மாசம் நம்ம ஊருக்கு வந்து, வெடியால கேன் வரிசைல நின்னு பாத்துத்தான் எழுதியிருப்பான். காங்கேயத்துல எறங்கி எந்த பஸ்ஸுல வந்தான்னு மட்டும் கேட்டுச் சொல்லு.

நம்பரை அப்பறம் பாக்கலாம், மொதல்ல ஒயரு. நீ ஸ்கிரீனைப் பாத்துப் பேசுவ, நான் ஒயரைப் பாத்துப் பேசுவேன், பழகிப்போச்சு.

தொட்டில இருக்கற சென்சார் சூட்டைப் பாக்குது. அது தலைல உக்காந்திருக்கற டிரான்ஸ்மிட்டர் அதைக் கரண்டா மாத்தி அனுப்புது. ஆகக் குறைச்சலுக்கு 4 மில்லியாம்பியர், ஆக எச்சுக்கு 20. இதைப் பரிச்சைல எழுதி மார்க்கு வாங்கியிருப்ப. ஏன் 0-ல ஆரம்பிக்காம 4-ல ஆரம்பிச்சான்னு கேட்டாங்களா? நாங்க வேலைக்குச் சேந்தப்ப இந்த வேலைக்கு ஒயரே கெடையாது, காத்துக் குழாதான். 3 பவுண்டு பிரஷர்ல இருந்து 15 பவுண்டு வரைக்கும். அதுலயும் 0-ல ஆரம்பிக்க மாட்டான். குழா ஒடஞ்சுதுன்னா முள்ளு 3-க்கும் கீழ போய்ப் படுத்துக்கும். அளவு குறைஞ்சுதா, குழாயே போச்சாங்கறது பாத்த ஒடனே தெரிஞ்சுரும். அதே புத்தியைத்தான் பின்னால ஒயருக்கும் வெச்சாங்க. போதாததுக்கு அந்த 4 மில்லியாம்பியரைத் தின்னுட்டுத்தான் டிரான்ஸ்மிட்டரே ஓடுது. அதுக்குன்னு தனியா ஒரு சப்ளை ஒயர் இழுக்க வேண்டியதில்ல.

இப்ப நம்ம சொசைட்டி அட்டாரில எலி இருக்குது. புது ஒயருன்னா அதுக்குப் பிரியம். ஒரு ராத்திரி கடிச்சுப்போட்டுதுன்னு வெய்யி. கரண்டு 0. உன்ற பொட்டிக்கு எலியைத் தெரியாது, கணக்குத்தான் தெரியும். 4-ன்னா 0 டிகிரி, 20-ன்னா 50 டிகிரின்னு நீ சொல்லிக் குடுத்திருக்கற. 0 மில்லியாம்பியருக்கு அது அச்சுப் பெசகாமப் போட்டுக் காட்டும், மைனஸ் 12.5 டிகிரின்னு. பால் மைனஸ் அரை டிகிரிலயே ஒறைய ஆரம்பிச்சுரும். மைனஸ் 12.5-ன்னா டேங்கர் வண்டியோட கடப்பாரை ஆளும் வரோணும். அலாரம் அடிக்குமா? அடிக்காது. சூடானாத்தான் அடிக்கோணும்னு நீ சொல்லியிருக்கற, குளுந்தா யாரு கோவிச்சுக்கறாங்க! ஆபீஸ்ல உக்காந்திருக்கறவர் ஸ்கிரீன்ல நம்ம சொசைட்டி பச்சைப்பசேல்னு நிக்கும். வருசக் கடைசில நல்லாக் குளுர வெச்சதுக்குக் கேடயம் குடுத்தாலும் குடுப்பாங்க. உள்ள இருக்கறது மட்டும் பாலா இருக்காது.

அதனால கரண்டு 3.6-க்குக் கீழ போனாலும் 21-க்கு மேல போனாலும் அது பால் சேதியில்ல, ஒயர் சேதின்னு தனியா எழுதி வெய்யி. நாமூர்னு ஜெர்மனிப் பக்கத்துச் சங்கம் ஒண்ணு இந்த ரெண்டு நம்பரையும் வகுத்து வெச்சிருக்குது. நல்ல டிரான்ஸ்மிட்டரா இருந்தா, உள்ள இருக்கற சென்சார் செத்துப்போனாலும் தானாப் போய் அந்த எடத்துல நின்னுக்கும். உன்ற பொட்டிலயும் அதுக்கு ஒரு கட்டம் இருக்கும், தேடிப் பாரு. டீ குடிக்கற அவசரத்துல கண்ணுல பட்டிருக்காது.

அப்பறம் அந்தச் சென்சார் ஒயரையும் கம்ப்ரசர் மோட்டார் கேபிளையும் ஒட்டுக்காச் சேத்து, வெள்ளை டேக் போட்டு இறுக்கிக் கட்டியிருக்கற பாரு, அதென்ன அழகு! போட்டோ எடுத்து அனுப்பினயாமா. மோட்டார் கெளம்பற ஒவ்வொரு தடவையும் பால் டெம்பரேச்சர் துள்ளும். அப்பப் போட்டோவை எடுத்துப் பாத்துக்க. பிரிச்சு வேற பக்கமா இழு. சீல்டு ஒயரா இருந்தா அந்தச் சீல்டை ஒரு பக்கம் மட்டும் எர்த் பண்ணு. ரெண்டு பக்கமும் பண்ணுனா அதுக்குள்ள வேண்டாத கரண்டு ஓட ஆரம்பிச்சுரும்.

அடுத்தது ஸ்கேல். இங்கதான் படிச்சவங்களாப் பாத்துப் பாத்து விழுவாங்க, எங்களாட்டம் கைநாட்டுக்கு அந்தக் குழிக்குப் போற வழியே தெரியாது.

ஐப்பசில இடி எறங்கி டிரான்ஸ்மிட்டர் போயிருதுன்னு வெச்சுக்க. கடைல போய்க் கேட்டா 0-ல இருந்து 50 டிகிரி வரைக்கும் அளக்கறது இல்லைங்க, 0-ல இருந்து 100-தான் இருக்குதுன்னு குடுப்பான். மாட்டறவன் மாட்டிருவான், பொட்டிகிட்ட யாரு சொல்றது? தொட்டில பால் 8 டிகிரில இருக்குது. புது டிரான்ஸ்மிட்டர் அதுக்கு 5.28 மில்லியாம்பியர் அனுப்பும். பொட்டி பழைய கணக்கையே போட்டு 4 டிகிரின்னு காட்டும். 4! எவ்வளவு அருமையான நம்பரு. 5-ன்னோ 3-ன்னோ காட்டுனாக்கூட யாராச்சும் ஒருத்தனுக்குச் சந்தேகம் வரும். உன்ற 6 டிகிரி அலாரம் அடிக்கோணும்னா பால் 12 டிகிரிக்குப் போகோணும்.

நீ உசாரான பையன், சோதனை பண்ணாம உட மாட்ட. ஐஸ் வாங்கியாந்து நுணுக்கிப் போசில தண்ணியோட போட்டு, சென்சாரை முக்கிப் பாப்ப. 0 காட்டும். திருப்தியாக் கையெழுத்துப் போட்டுருவ. அட என்ற சாமி, 0 டிகிரிக்கு ரெண்டு டிரான்ஸ்மிட்டரும் அதே 4 மில்லியாம்பியரைத்தான் அனுப்பும். தப்பே மேல போகப்போகத்தான் தலையைக் காட்டும். கேலிபரேட்டரை எடுத்து 4, 12, 20-ன்னு பொட்டிக்குள்ள உட்டுப் பாக்கறயா? 0, 25, 50-ன்னு கிளிப்பிள்ளையாட்டம் சொல்லும். பொட்டி மேல தப்பில்லயே, அப்பறம் எப்படிக் காட்டிக் குடுக்கும்?

ரெண்டாவது எடம் ஒண்ணு வேணும். அதுக்கு நீ திருப்பூருக்குப் போக வேண்டாம். கறந்த சூடு ஆறாம வர்ற கேன்ல கண்ணாடித் தெர்மாமீட்டரைப் போடு, 34-ன்னு காட்டும். சென்சாரையும் கழுவி அதுலயே முக்கு. பொட்டி 17-ன்னு சொன்னா, ரெண்டுல ஒண்ணு. ஒண்ணு ஸ்கேல் தப்பு, இல்லாட்டி அந்த ஊட்டுக்காரங்க மாட்டை ஊட்டில கட்டிக் கறக்கறாங்க. போய் எதுன்னு விசாரிச்சுட்டு வா.

சென்சார் உக்கார்ற குழியைப் பத்தி எச்சாச் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. குழிக்குள்ள சும்மா தொங்க உட்டா அது காத்தைத்தான் அளக்கும், அதுக்குன்னு இருக்கற பேஸ்டைத் தடவி அடி வரைக்கும் தள்ளு. கலக்கற துடுப்பு நின்னுபோச்சுன்னா அடில ஒரு சூடு, மேல ஒரு சூடு. பால் அந்தக் குழிக்குக் கீழ எறங்கிப்போச்சுன்னா நீ அளக்கறது தொட்டியோட தகரம். அவ்வளவுதான்.

இப்ப வருவோம் அந்த 6-க்கு.

நேத்துப் பொழுதோட ஊத்துன பால் 1,000 லிட்டர், ராத்திரி முழுக்கக் குளுந்து 4 டிகிரில நிக்குது. வெடியால சனம் வந்து 34 டிகிரில 500 லிட்டர் ஊத்துது. கலந்தா எவ்வளவு? போன்ல தட்டாத, வாய்க்கணக்காச் சொல்லு. 14. மெஷின் ஓடிக்கிட்டே இருக்கறதுனாலயும், ரெண்டு மணி நேரமாக் கொஞ்சங் கொஞ்சமா ஊத்தறதுனாலயும் 14 வரைக்கும் ஏறாது, ஒத்துக்கறேன். 6-ஐத் தாண்டாம இருக்குமா? ஆக வெடியால ஒரு அலாரம். பொறகு டேங்கர் வந்து பாலை உறிஞ்சிட்டுப் போகும். காலித் தொட்டியைச் சுடுதண்ணி உட்டுக் கழுவுவாங்க. சென்சார் அதையும் பாலுன்னே நெனைச்சு ஸ்கேலோட உச்சி 50-ல போய் முட்டிக்கிட்டுக் கத்தும், அதுக்கு ஒரு அலாரம். கழுவி வடிச்ச தொட்டி மத்தியானம் வெறுமனே கெடந்து வெக்கைல 35-ல நிக்கும், அதுக்கும் அலாரம் அணையாது. பொழுதோட மறுபடியும் சுடு பால். மெஷின்ல ஒரு குத்தமில்ல, பாலுல ஒரு குத்தமில்ல, மனுசங்க அவங்கவுங்க வேலையைச் சரியாப் பாத்ததுக்குத் தினமும் எஸ்.எம்.எஸ்.

புலி வருது கதையைச் சொல்ல மாட்டேன், அதை நீ ரெண்டாங்கிளாஸ்லயே மனப்பாடம் பண்ணி ஒப்பிச்ச பையன். ஆபரேட்டரைப் போய்ப் பாரு. மொத நாளு ஒவ்வொரு மெசேஜுக்கும் எந்திரிச்சு ஓடுனான். அப்பறம் படுத்த வாக்குலயே படிச்சான். இப்ப அந்த நம்பருக்கு மட்டும் போன்ல சத்தத்தை அமத்தி வெச்சிருக்கறான். நோம்பிக்குக் கட்டுன ஸ்பீக்கருக்குக் கீழயே கட்டலைப் போட்டுத் தூங்கறான் பாரு பூசாரி, அந்தப் பக்குவம் அவனுக்கு வந்துருச்சு. அவன் மேல கோவிக்காத. அவனைப் பக்குவப்படுத்துனது நீ.

என்ன பண்ணலாம்? மொதல்ல, மட்டத்தைக் கேட்டுட்டுத்தான் டெம்பரேச்சர் பேசோணும். தொட்டில பால் இல்லைன்னா 50 ஆனாலும் வாயைத் தொறக்கக் கூடாது. ரெண்டாவது, 6 தாண்டுச்சான்னு கேக்காத. ஊத்தி முடிச்சு எவ்வளவு நேரத்துல எறங்கோணுமோ அவ்வளவு நேரத்துல எறங்குச்சான்னு கேளு. ஊத்தி முடிச்சு மூணு மணி நேரத்துல 4-க்கு வரோணும்னு வெய்யி. பாதி நேரத்துலயே பாதித் தூரம் வரலைன்னா ஆபரேட்டருக்கு மட்டும் சின்னதா ஒரு சேதி. மூணு மணி நேரமாகியும் 5-க்குக் கீழ எறங்கலைன்னா பெருசா அலாரம், செக்ரட்டரி வரைக்கும். அந்த மூணு மணி நேரத்தை நான் சொன்னேன்னு எழுதிக்காத. சித்திரைல வெளிய கண்டென்சர் கொதிக்கறப்ப அதே மெஷின் எச்சு நேரம் எடுக்கும், மார்கழில சீக்கிரமா முடிச்சுரும். நோட்டைக் கையில வெச்சுக்கிட்டு, வெடியாலயும் பொழுதோடயும் அங்க நின்னு எழுது. பொம்பளைங்க கிண்டல் பண்ணுவாங்க. பண்ணட்டும், அவங்ககிட்ட எந்த ஊட்டுப் பால் எத்தனை மணிக்கு வருதுங்கற கணக்கு சுத்தமா இருக்கும்.

மூணாவது, அலாரம் வர்ற எடமும் போற எடமும் ஒண்ணா இருக்கக் கூடாது. 6-ல வந்து 6-லயே போச்சுன்னா, 5.9, 6.1, 5.9-ன்னு பால் மூச்சு உடற போதெல்லாம் வந்தேன் போனேன்னு மெசேஜ் கொட்டும். 6-ல வந்தா 5-க்கு எறங்குனப்பறந்தான் போகோணும். அதுக்குப் பேரெல்லாம் உனக்குத்தான் தெரியுமே, ஹிஸ்டரிசிஸ்ஸோ என்னமோ. நாங்க ஆட்டம்னு சொல்லுவோம், ஆட்டத்துக்கு எடம் உடுன்னுவாரு போர்மேன்.

ஒண்ணு கவனிச்சயா, டெம்பரேச்சர் எப்பவுமே பிந்தி வர்ற சாட்சி. பால் சூடாயிருச்சுன்னு அது சொல்றதுக்குள்ள கம்ப்ரசர் நின்னு எவ்வளவோ நேரம் ஆயிருக்கும். மொதல்ல தெரியறது ஆம்பியர்லயும் வோல்டேஜ்லயுந்தான். பால் சூடா இருக்குது, கம்ப்ரசர் ஆம்பியர் 0. இந்த ரெண்டும் சேந்தா ஒரு நிமிசம் பொறுத்துச் சொல்லிரலாம், மூணு மணி நேரம் எதுக்கு? அதே 0 ஆம்பியர் பால் 4-ல நிக்கறப்ப வந்தா, மெஷின் வேலையை முடிச்சுட்டு ஓய்வு எடுக்குதுன்னு அர்த்தம். அதை எழுப்பி ஊரையும் எழுப்பாத.

ஆம்பியருக்கு மேல ஒரு கோடும் போட்டு வெய்யி. ஒரு பேஸ் போச்சுன்னா மீதி ரெண்டு பேஸும் பாரத்தைச் சுமக்கும், ஒண்ணே முக்கா மடங்கு இழுக்கும், அப்பறம் காயில் வெந்த வாசம் வரும். ஆம்பியர் பாக்கற கிளாம்பை நீ எந்த பேஸ்ல மாட்டியிருக்கற? போன பேஸ்லயே மாட்டியிருந்தா 0 காட்டும், மத்ததுல மாட்டியிருந்தா எச்சாக் காட்டும். ரெண்டு பக்கமும் கோடு இல்லைன்னா உனக்கு அதிர்ஷ்டம் பாதி நாளுதான். ஆனா மோட்டார் கெளம்பறப்ப ஆறு மடங்கு இழுக்கும், சில வினாடிதான். அதுக்குன்னு பத்து வினாடி பொறுத்துப் பாக்கச் சொல்லு. இல்லாட்டி மோட்டார் எந்திரிக்கறதையே குத்தமாச் சொல்லும்.

கரண்டு போறதுக்கும் ஒரே மரியாதை குடுக்காத. ராத்திரி 2 மணிக்கு, பால் 4-ல நிக்கறப்ப கரண்டு போச்சுன்னா, தொட்டி மூடி இருக்கறப்ப சூடு மெதுவாத்தான் ஏறும். சித்தெ நேரம் பொறுத்துச் சொன்னாப் போதும். பொழுதோட 7 மணிக்கு, சுடு பாலை ஊத்தி மூடுன நேரத்துல போச்சுன்னா ஒடனே ஜெனரேட்டர் ஓடோணும். அதே வோல்டேஜ், அதே 0. பொட்டிக்கு ரெண்டும் ஒண்ணுதான். உனக்குமா?

டீசலுக்கு வா. டீசல் பாதிக்குக் கீழ போனா அலாரம்னு வெச்சிருக்கற, நல்லதுதான். ஆனா டீசலுக்கு ரெண்டு வழி இருக்குது கண்ணு. ஜெனரேட்டர் ஓடி எறங்கறது ஒண்ணு. ஓடாமயே எறங்கறது இன்னொண்ணு. நம்ம பக்கத்துல டவர் வெச்சிருக்கற கம்பெனிக்காரங்களைக் கேளு, ரெண்டாவது வழியைப் பத்திக் கதை கதையாச் சொல்லுவாங்க. ஜெனரேட்டர் ஓடலை, மட்டம் மட்டும் அரை மணி நேரத்துல தடதடன்னு எறங்குச்சுன்னா அதுக்குத் தனி அலாரம் வெய்யி. வெச்சுட்டு ஒண்ணு பண்ணு, அந்த மெசேஜ் யாரு யாருக்குப் போகுதுன்னு வெளிய சொல்லாத. சொன்னயின்னா அடுத்த வாரமே, "தம்பி, அந்தச் சென்சார் சரியில்ல, ஆடிக்கிட்டே இருக்குது, கழட்டிருங்க"ன்னு ஒருத்தர் வருவாரு. யாரு வர்றாங்கன்னு பாத்து வெச்சுக்க, சென்சாரை அப்பறம் பாக்கலாம்.

பொட்டியோட பேட்டரியைப் பத்தி நீ பேசவே இல்லயே. கரண்டு போச்சுன்னு சொல்ல வேண்டிய பொட்டி அதே கரண்டுலதான் ஓடுது. பேட்டரி செத்திருந்தா கரண்டு போன சேதியைச் சொல்றதுக்கு அது உசுரோட இருக்காது. 12 வோல்ட் பேட்டரி சும்மா நிக்கறப்ப 12.7 காட்டும். 11.8-க்கு வந்துச்சுன்னா காலியாகப் போகுதுன்னு அர்த்தம், அங்க ஒரு கோடு போடு. சிம் கார்டுக்கு ரீசார்ஜ் யாரு பண்றது? செக்ரட்டரி நீங்கறாரு, நீ செக்ரட்டரிங்கற. நாள் முடிஞ்சு அது ஊமையாயிருச்சுன்னா, ஆபீஸ்ல இருக்கறவருக்கு நம்ம சொசைட்டில ஒரு தொந்தரவும் இல்லைன்னுதான் தெரியும். அலாரமே வராத சொசைட்டி! அதுக்குத்தான் பொட்டி குறிச்ச நேரத்துக்கு ஒருக்கா "இருக்கறேன்"னு ஒரு வார்த்தை அனுப்போணும். அந்த வார்த்தை வராம இருந்தா அங்க இருக்கற கம்ப்யூட்டர் கத்தோணும். நீ இங்க வெக்கற எட்டு அலாரத்துக்கும் மேல, அங்க போய் வெக்க வேண்டிய ஒம்பதாவது அலாரம் அது.

நீ போன தடவை ஊட்டுல போட்டுப்போட்டுப் போன பொஸ்தகத்தை எடுத்துப் படிச்சேன். நீ பாதில மடக்கி வெச்சிருந்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்துலயே இருந்துச்சு. வேல்ஸ் நாட்டுல மில்போர்டு ஹேவன்னு ஒரு எடம். 1994 ஜூலை 24, எண்ணெய் சுத்திகரிக்கற ஆலை. வெடிக்கறதுக்கு முந்துன 11 நிமிசத்துல ரெண்டே ஆபரேட்டருங்களுக்கு 275 அலாரம். அத்தனையும் படிச்சுப் பாக்கறதுக்கே கண்ணு பத்தாது, அப்பறம் எங்க கை வெக்கறது? அலாரம் வெச்சவங்கெல்லாம் டீ குடிச்சுட்டு ஊருக்குப் போயிருப்பாங்க.

இன்னொண்ணு நம்ம நாட்டுது, இதுல மட்டும் எனக்கு நையாண்டி வராது. போபால்ல யூனியன் கார்பைடு ஆலை, அங்க தொட்டில இருந்த விஷத் திரவத்தை 5 டிகிரிக்குக் கீழ குளுர வெச்சிருக்கோணும், 11 தாண்டுனா அலாரம். 1984 ஜூன்ல குளுர வெக்கற மெஷினையே நிறுத்திப்போட்டாங்க. அதுக்கப்பறம் அந்தத் திரவம் எந்நேரமும் 11-க்கு மேலதான் இருந்துச்சு, அந்த அலாரத்தால ஒரு பிரயோசனமும் இல்லாமப் போச்சு. டிசம்பர் 2 ராத்திரி அந்தத் திரவம் இருந்த தொட்டில பிரஷர் ஒரு மணி நேரத்துக்குள்ள 2 பவுண்டுல இருந்து 10 பவுண்டுக்கு ஏறியிருக்குது. நடுவுல ஷிப்டு மாறுச்சு. புதுசா வந்தவங்க 10-ஐப் பாத்தாங்க. 2-ல இருந்து 25 வரைக்கும் இருக்கறது வழக்கந்தான்னு உட்டுட்டாங்க. 10-ங்கறது கோட்டுக்குள்ள இருந்த நம்பருதான். அது ஏறி வந்த வேகத்தைச் சொல்றதுக்குத்தான் அங்க ஒண்ணும் இல்ல. உன்ற பொட்டில எவ்வளவு சீக்கிரமா மாறுதுன்னு பாக்கற கட்டம் இருக்குதான்னு பாரு. அப்பறம், அலாரம் தொந்தரவா இருக்குதுன்னு எவனாச்சும் 6-ஐ 16-ஆக்கச் சொன்னான்னா, எதுக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கச் சொல்லு. பாதிப் பேரு அங்கயே திரும்பிப் போயிருவாங்க.

சரி, மெசேஜ் யாராருக்குப் போகுதுன்னு அந்தப் பட்டியலைக் காட்டு. மொத நம்பரு பழைய செக்ரட்டரியோடது. அவரு போன தையிலயே காலமாயிட்டாரு, கருமாதிக்கு நீயும் வந்து சாப்புட்ட. அவரு போயிருக்கற எடத்துல டவர் எடுக்குதோ என்னமோ. ரெண்டாவது, மாத்தலாகிப் போன ஆபீசரு. அவரு இப்ப இருக்கற எடத்துல நம்ம பால் சூடானதைப் படிச்சு ரொம்ப வருத்தப்படுவாரு. மூணாவது தலைவரு. பொழுது விழுந்தா போனை அணைச்சு அரிசி டப்பாவுக்குள்ள வெக்கற மனுசன். நாலாவது ஆபரேட்டரு, அவனைத்தான் நீ பக்குவப்படுத்தி வெச்சிருக்கறயே.

ஒரு பந்தயம் கட்டலாமா? இன்னைக்கு ராத்திரி 11 மணிக்கு, பால் நெறைஞ்சு குளுந்து நிக்கறப்ப, ஒருத்தருக்கும் சொல்லாமப் போய் அந்தச் சென்சாரைக் குழில இருந்து உருவி ஒரு சொம்புச் சுடுதண்ணில வெப்போம். டார்ச்சு பிடிக்க நான் வர்றேன். அரை மணி நேரத்துக்குள்ள ஜெனரேட்டர் ரூம் சாவியோட ஒரு ஆளு வந்து நின்னா, நீ ரொம்ப நாளாக் கேக்கற அந்தப் பழைய புல்லட்டை எடுத்துக்கிட்டுப் போ. வராட்டி நாளைக்கு வெடியால இருந்து கேன் வரிசைல நீயும் நோட்டும். சுடுதண்ணியை மட்டும் அமுச்சிகிட்ட நீயே கேட்டு வாங்கியா. இந்நேரத்துல நான் போய்க் கேட்டா எதுக்குன்னு கேப்பா. உன்னையக் கேக்க மாட்டா, டீக்குன்னு நெனைச்சுக்குவா.